நட்புக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்

"மச்சான், ஒரு நல்ல விசயம் இருக்கு. போனில கதைக்க ஏலாது, நேரில வா."

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படி ஓர் அழைப்பு வராத வீடு குறைவு. அழைப்பவர் பல வருடம் தொடர்பில்லாத பள்ளித் தோழனாக இருப்பார், கோயிலில் பழகிய அக்காவாக இருப்பார், சில வேளை சொந்த மச்சாளாகவே இருப்பார். போனால் ஒரு மண்டபம், இல்லாவிட்டால் ஸூம் கூட்டம். கோட் போட்ட ஒருவர் 'பிளான்' காட்டுவார். இரண்டு பேரைச் சேருங்கள், அவர்கள் இரண்டிரண்டு பேரைச் சேர்க்கட்டும், பிறகு வீட்டிலிருந்தே மாதாமாதம் வருமானம் என்பார். விற்கும் பொருள் சத்து மாத்திரையாக இருக்கலாம், மணிக்கூடாக இருக்கலாம், கைத்தொலைபேசிச் செயலியாகவும் இருக்கலாம். உண்மையில் அங்கே விலைபோவது நம்முடைய உறவுகள்தான்.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்த வலையை விரிக்க நல்ல வாய்ப்பானது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதமாக இருந்தது. சம்பளம் பாதி மாதத்துக்கும் போதாமல் போனவர்களுக்கு "பக்க வருமானம்" என்ற சொல்லே ஆறுதலாக இருந்தது. எம்டிஎஃப்இ என்ற செயலி அப்படித்தான் பரவியது. 2023 ஆகஸ்டில் அதில் போட்ட காசை எடுக்க முடியாமல் போனது. கணக்கில் இருந்த தொகை கழித்தல் குறிக்கு மாற, கடனைக் கட்டு என்று செயலி கேட்டது. பங்களாதேஷிலும் அதே கதை. அந்த ஆண்டு இலங்கை மத்திய வங்கி இப்படி ஆளுக்குக் கீழ் ஆள் சேர்க்கும், தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியவையாக அறிவித்த பட்டியலில் எம்டிஎஃப்இயும் ஒன்மெக்ஸ்டிடி என்ற கம்பனியும் இருந்தன.

கூட்டத்தில் யாரும் போட்டுக் காட்டாத ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொருவரும் 6 பேரைச் சேர்த்தால் பத்தாவது படியில் மட்டும் 6 கோடிப் பேர் வேண்டும். 2024 கணக்கெடுப்பின்படி இலங்கையின் மொத்தச் சனத்தொகையே 2 கோடியே 17 லட்சத்துச் சொச்சம். ஆளுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும், எந்த நேரத்தில் பார்த்தாலும் கடைசிப் படியில் நிற்பவர்களே மொத்தத்தில் பாதிக்கும் மேல். அவர்களுக்குக் கீழே ஆளே இல்லை. உழைப்பு, திறமை, "பொசிட்டிவ் எண்ணம்" எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

சட்டப்படி இயங்கும் பலபடி விற்பனைக் கம்பனிகளிலும் நிலைமை பெரிதாக மேலில்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024இல் இத்தகைய 70 கம்பனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆண்டு முழுவதும் கிடைத்தது 1,000 டொலர் அல்லது அதற்கும் குறைவு. அதுவும் அவர்களுடைய செலவைக் கழிக்காமல்.

நம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 2005இல் சேர்க்கப்பட்ட 83சி பிரிவு, காசு கட்டிச் சேர்பவரின் ஆதாயம் பெரும்பாலும் புதிய ஆட்கள் கூடுவதிலோ அவர்கள் கட்டும் காசு கூடுவதிலோ தங்கியிருந்தால் அத்தகைய திட்டத்தைத் தடைசெய்கிறது. தொடங்குவது, நடத்துவது மட்டுமல்ல, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிப்பதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு. தண்டப்பணம் 20 லட்சம் ரூபாய் அல்லது சேர்ந்தவர்களிடம் பெற்ற தொகையின் இரு மடங்கு வரை போகலாம். ஆகவே உங்களைக் கூப்பிடும் தோழனும் ஆபத்தில்தான் நிற்கிறான். நீங்கள் சேர்ந்து உங்கள் தங்கச்சியைக் கூப்பிட்டால் நீங்களும் அதே இடத்தில்தான். "கம்பனி ரெஜிஸ்டர் பண்ணியிருக்கு" என்று சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பனிப் பதிவு என்பது பிரமிட் நடத்துவதற்கான அனுமதி அல்ல. அப்படி ஓர் அனுமதி இந்த நாட்டில் எவருக்கும் கிடையாது.

சரி, முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? நாம் வழக்கமாகச் சாட்டுச் சொல்லித் தப்பப் பார்க்கிறோம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம், ஏனென்றால் ஒவ்வொரு சாட்டுக்கும் அவர்களுக்குப் பதில் பழக்கப்பட்டிருக்கிறது. "நேரமில்லை" என்றால், "ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் காணும்." "அவரிட்டக் கேட்கவேணும்" என்றால், "அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." "இப்ப காசில்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். "காப்பை அடகு வையுங்கோ, மூன்று மாதத்தில மீட்கலாம்" என்றோ, "கனடாவில இருக்கிற அண்ணையிட்டக் கேளுங்கோ" என்றோ வரும். பனியில் இரண்டு வேலை செய்து அண்ணன் அனுப்பும் காசு அது.

காரணம் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லுங்கள்: "அக்கா, நான் இதில சேரமாட்டன். இதைப் பற்றி இனிக் கேட்காதேங்கோ. மற்றப்படி எப்பவும் போல வீட்டுக்கு வாங்கோ." மறுபடி கேட்டால் அதே வசனம், அதே குரலில். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாளே மேலிருப்பவரையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பார்கள். கதைக்க விரும்பினால் ஒரே கேள்வி போதும்: "ஒருத்தரையும் சேர்க்காமல், சாமானை மட்டும் வித்தால் மாதம் எவ்வளவு மிஞ்சும்?" அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு இலக்கம், மற்றவர்களின் தொலைபேசி இலக்கங்கள் எதையும் கொடுக்கவேண்டாம். உங்கள் கணக்கினூடாகப் பிறர் காசு போனால் பொலிஸ் முதலில் உங்களிடம்தான் வரும்.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதைப் பார்க்கையில் மனம் நோகிறது. அந்த மௌனத்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளையும் விழுகிறது. வங்கிச் சீட்டு, பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் குரல் பதிவு, திரையைப் படம் பிடித்த கணக்கு விபரம் எதையும் அழிக்காதீர்கள். குழுவிலிருந்து விலகுவதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுங்கள். காசை விடுவிக்க இன்னும் கொஞ்சம் கட்டச் சொன்னாலோ, மீட்டுத் தருகிறேன் என்று புதிதாக ஒருவர் கட்டணம் கேட்டாலோ ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். சாமானின் தரத்திலோ விலையிலோ ஏமாற்று நடந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. பொலிஸிலோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலோ முறைப்பாடு செய்யலாம். சிங்களம் தெரியாது என்று தயங்கவேண்டியதில்லை, அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். உங்களைக் கூப்பிட்ட தோழன் தானும் ஏமாந்ததை உணர்ந்து வந்தால் அவனை ஏசவேண்டாம். யார் அவனைச் சேர்த்தார், எந்தக் கணக்குக்குக் காசு போனது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டுக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.