அடி, தடை, பிடி

மழை விடாத ஒரு மாலை. பொகவந்தலாவையில் என் மாணாக்கன் ஒருவன் கைபேசியில் சண்டை விளையாட்டொன்று ஆடக் கண்டேன். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வழிவந்தது அது. யானும் ஆடினேன், தோற்றேன். “எந்தப் பொத்தான் வலிது, தம்பி?” என்று வினவினேன்.

அவன் நகைத்தான். “புதியவர் எல்லாரும் இதையே கேட்பார்கள், ஐயா. எதிரியை விட்டு விலகும் திசையை அழுத்திப் பிடித்தால் தடை. அடியைத் தடை வெல்லும். தடையைப் பிடி வெல்லும். பிடிக்க வருபவனை அடி வெல்லும். அவன் அடுத்து எதைச் செய்வான் என்று நோக்குவதே முதற்பாடம்.”

நெடுங்காலமாக யான் கற்பிக்கும் புறநானூற்று 80-ஆம் பாட்டு அக்கணமே விளங்கிற்று. ஆமூர் மல்லனைப் பொருத கோப்பெருநற்கிள்ளியின் ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்ற, மறுகால் அவன் செய்யும் உபாயத்தை விலக்கி முதுகில் வளைந்ததெனச் சாத்தந்தையார் பாடுகிறார். மன்னன் வலிமையையே வியந்துரைத்த யான், அந்த மறுகாலை வகுப்பில் ஒருநாளும் விளக்கியதில்லை.

மறுநாள் கரும்பலகையில் அடி, தடை, பிடி என மூன்று சொற்கள் எழுதினேன். அவனே எழுந்து பாட்டுக்கு உரை சொன்னான். யான் மாணாக்கர் வாங்கில் அமர்ந்து கேட்டேன்.