14,000 ரூபாய் மட்டை மூணே ஞாயிற்றுக்கிழமையில் விரிசல் விட்டது ஏன்? உங்கள் ஆட்டத்துக்கு ஏற்ற கிரிக்கெட் பேட் எது?

தச்சநல்லூரில் எனக்கு ஒரு நண்பர். ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. முதல் போனஸ் கைக்கு வந்ததும் ஆன்லைனில் ஒரு இங்கிலீஷ் வில்லோ மட்டை ஆர்டர் போட்டார். விலை 14,000 ரூபாய்ச் சொச்சம். வீட்டில் சொன்னது 4,000.

முதல் ஞாயிறு இரண்டு சிக்ஸர். அடுத்த ஞாயிறு மட்டை கை மாறி கை மாறி ஊரே தடவிப் பார்த்தது. மூன்றாவது ஞாயிறு ஒரு யார்க்கர். மட்டையின் நுனியிலிருந்து மேல் நோக்கி, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். விற்ற இடத்துக்கு போன் போட்டால் எதிர்முனையில் வந்த முதல் கேள்வியே, "எந்தப் பால்ல சார் ஆடுனீங்க?" என்பதுதான். "கார்க் பால்" என்றார். "அப்போ வாரன்டி கிடையாது சார்."

இந்தக் கேள்வியை வாங்கும்போது யாருமே கேட்கவில்லை. நண்பரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தார், ரிவ்யூ வீடியோ பார்த்தார், வாங்கிவிட்டார். நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வாங்குகிறோம்.

முதல்ல பந்து, அப்புறம்தான் மட்டை

பிசான அறுப்பு முடிந்த வயலில் ஆடுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்து. கொஞ்சம் சீரியஸான ஞாயிறு டீம்கள் கார்க் பந்து. அகாடமி, கல்லூரி அணி, லீக் என்று போனால் லெதர் பந்து. மூன்றுக்கும் மூன்று விதமான மட்டை வேண்டும்.

டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ மட்டை என்றாலே அது பந்தைப் போல 17 மடங்கு கனம். அதற்கு மேல் 200 கிராம் கூட்டினாலும் பந்து கூடுதலாகப் பறந்துவிடாது. மட்டை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதுதான் தூரத்தை முடிவு செய்யும். அதனால்தான் டென்னிஸ் மட்டைகளின் பின்பக்கத்தைக் குடைந்து, விளிம்பைத் தடியாக வைத்து, எடையைக் குறைத்திருக்கிறார்கள். டென்னிஸ் பந்துக்கு இங்கிலீஷ் வில்லோ வாங்குவது, பக்கத்துத் தெரு டீக்கடைக்கு ஏசி பஸ் பிடித்துப் போகிற கதை.

லெதர் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். இங்கே மட்டையின் கனத்துக்கு வேலை இருக்கிறது. மென்மையான இங்கிலீஷ் வில்லோ பந்து படும்போது கொஞ்சம் அமுங்கித் திருப்பித் தள்ளும். ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் தெரிவது இந்தப் பந்தில்தான்.

கார்க் பந்து கல் மாதிரி. மென்மையான மரத்தில் அது பட்டால் அமுங்காது, பிளக்கும். இங்கிலீஷ் வில்லோ விற்கும் கம்பெனிகள் பலவும் கார்க் பந்தையும் மலிவான இரண்டு துண்டு லெதர் பந்தையும் வாரன்டியில் சேர்ப்பதில்லை. சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. கார்க் பந்து ஆடுகிறவருக்குக் கனமான, அடர்த்தியான காஷ்மீர் வில்லோதான் சரி.

மரம் எங்கிருந்து வருது?

மட்டை என்ற சொல்லே நமக்குப் பனையும் தென்னையும் கொடுத்தது. ஓலையைக் கழித்துவிட்டு அடிமட்டையை வெட்டினால் பேட் ரெடி. பேரிலேயே தச்சன் இருக்கிற தச்சநல்லூர்ப் பக்கம் இது இன்னும் பொருத்தம். ஆனால் கடையில் விற்கிற பேட்டுக்கான மரம் இரண்டு குளிர்ப்பிரதேசங்களிலிருந்து வருகிறது.

ஒன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் பக்கம் வளரும் வெள்ளை வில்லோ. இன்னொன்று காஷ்மீரின் அனந்த்நாக் மாவட்டம். சங்கம், பிஜ்பெஹாரா வட்டாரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக மட்டைத் துண்டுகளை அடுக்கிக் காயவைத்திருப்பதைப் பார்க்கலாம். காஷ்மீர் மரம் கொஞ்சம் கடினமானது, கனமானது, விலை குறைவு. அதனால் அது மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமன் வீரர்கள் சிலர் காஷ்மீர் மட்டையோடுதான் இறங்கினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் 600, 700 ரூபாய்க்கு 'பாப்புலர் வில்லோ' என்று ஒன்று கண்ணில் படும். பாப்புலர் என்றால் பிரபலம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. அது 'பாப்லர்' என்ற வேறு மரம். வில்லோவே கிடையாது. குழந்தைகள் மாடியில் பிளாஸ்டிக் பந்து தட்ட ஓகே, அதைத் தாண்டி எதற்கும் ஆகாது. முகம் முழுக்க ஸ்டிக்கரோ கெட்டியான துணி டேப்போ ஒட்டிய மட்டை என்றால், உள்ளே என்ன மரம், முடிச்சு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இங்கிலீஷ் வில்லோவில் எல்லோரும் எண்ணுவது கிரெயின், அதாவது மட்டையின் முகத்தில் மேலிருந்து கீழே ஓடும் கோடுகள். ஒவ்வொரு கோடும் மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. கோடுகள் நெருக்கமாக இருந்தால் மட்டை சீக்கிரம் பழகி நன்றாக அடிக்கும், ஆனால் ஆயுள் குறைவு. அகலமான கோடு என்றால் பழகக் கொஞ்ச நாளாகும், அதிக நாள் உழைக்கும். கிரேடு 1, கிரேடு 2 என்று பிரிப்பது பெரும்பாலும் பார்வை அழகை வைத்துத்தான். கிரேடு 3 மட்டையில் ஒரு கறையோ சிவப்புப் பட்டையோ இருக்கும். அடிக்கும்போது அந்தக் கறை பந்துக்குத் தெரியாது. மாதத்துக்கு இரண்டு லெதர் பந்து மேட்ச் ஆடுகிறவர் கிரேடு 1-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் போட்டோவுக்கான பணம்.

உங்க ஆட்டம் எந்த லெவல்? பழைய மட்டையைக் கேளுங்க

கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக கிளப் வாங்கப் போகிறவரிடம், கிளப்பின் முகத்தில் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்துப் பத்து பந்து அடிக்கச் சொல்வார்கள். பந்து எங்கெங்கே பட்டது என்று தாளில் தடம் விழும். தடம் சிதறியிருந்தால், நடுவில் படாத பந்தையும் ஓரளவு நேராக அனுப்பும் பெரிய தலை கிளப். ஒரே இடத்தில் குவிந்திருந்தால், கை தேர்ந்தவர்களுக்கான மெல்லிய கிளப்.

நம்மிடம் அந்தத் தாள் ஏற்கெனவே இருக்கிறது. பழைய மட்டையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தழும்புகள் நடுவில், நுனியிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே குவிந்திருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு மிடில் ஆகிறது. நல்ல மட்டைக்குச் செலவு செய்யலாம், பலன் தெரியும். தழும்பு விளிம்பிலும் நுனியிலும் பிடிக்குப் பக்கத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறதா? 40,000 ரூபாய் மட்டையிலும் அதே இடங்களில்தான் படும். இன்னும் கொஞ்சம் எடை குறைந்த, கைக்கு அடங்குகிற மட்டைதான் உங்கள் தேவை. பழைய மட்டை இல்லையா? பந்தில் சாக்பீஸ் தூளைத் தேய்த்து இருபது பந்து ஆடிப் பாருங்கள்.

இதைச் செய்து பார்த்தபோது என் மட்டையில் தழும்பு அதிகம் இருந்த இடம் உள் விளிம்பு. அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

கனம் கூடினால் தூரம் கூடுமா?

டெண்டுல்கர் மூன்று பவுண்டுக்கு மேல் கனமான மட்டையில் ஆடினார். பிராட்மன் ஆடியது இரண்டேகால் பவுண்டு சுற்றளவில், கிட்டத்தட்ட ஒரு கிலோ. எம்.சி.சி. விதிகள் மட்டையின் நீளம் 38 அங்குலம், அகலம் 4.25 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. விளிம்பின் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் என்ற வரம்பு 2017 அக்டோபரில் வந்தது. எடைக்கு மட்டும் இன்றுவரை வரம்பே இல்லை. ஏனென்றால் அதைக் கை பார்த்துக்கொள்ளும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இது. வலது கை ஆட்டக்காரர் என்றால் இடது கையால் மட்டும், அதாவது பிடியின் மேல் இருக்கும் கையால் மட்டும் மட்டையைப் பிடித்து நேராக நீட்டுங்கள். மெதுவாகப் பத்து எண்ணுங்கள். மணிக்கட்டு தொய்ந்தால் மட்டை உங்களுக்குக் கனம். தொய்யவில்லை என்றால் அதே ஒற்றைக் கையால் ஒரு டிரைவ், ஒரு டிஃபென்ஸ் போட்டுப் பாருங்கள். அண்ணாச்சி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. புதிதாக லெதர் பந்துக்கு மாறும் பெரியவர்களுக்கு 1,130 முதல் 1,190 கிராம் வரை பொதுவாகச் சரியாக இருக்கும்.

தராசு சொல்லும் எடை வேறு, கை உணரும் எடை வேறு. அதைத்தான் பிக்-அப் என்கிறார்கள். மரத்தின் சதை நுனிப்பக்கம் அதிகமாக இருந்தால் அதே 1,150 கிராம் மட்டையும் கனமாகத் தெரியும். ஆன்லைனில் வாங்கும்போது இதைத்தான் இழக்கிறோம். எடையைப் போட்டோ எடுத்து அனுப்பலாம், பிக்-அப்பை அனுப்ப முடியாது.

2010 ஐ.பி.எல்-லில் சி.எஸ்.கே-யின் ஹேடன் 'மங்கூஸ்' என்ற குட்டை மட்டையோடு இறங்கி டெல்லியில் 43 பந்தில் 93 அடித்தது ஞாபகம் இருக்கும். நீளப் பிடி, குட்டை மரம். அடிப்பதற்கு மட்டும் செய்தது. தடுத்து ஆட வேண்டிய பந்துக்கு அதில் மரமே குறைவுதான். ஹேடனுக்கு அந்தப் பந்தைத் தூக்கி அடிக்கத் தெரியும்.

"வளருற பையன், பெருசா வாங்கிடுவோம்"

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தச்சநல்லூரிலிருந்து மதுரை ரோட்டில் கொஞ்சம் வடக்கே போனால் தாழையூத்து, சங்கர் நகர். அங்குள்ள இந்தியா சிமென்ட்ஸ் மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் 2016-ல், முதல் சீசனிலேயே நடந்தன. அந்த வருடம் கோப்பை தூத்துக்குடி பேரில் ஆடிய டூட்டி பேட்ரியாட்ஸுக்கு. டிவியில் பார்த்த ஆட்டம் நம்ம ஊர் மைதானத்துக்கே வந்த பிறகு, மகனுக்கு ஒரு மட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்று கடை ஏறுகிற அப்பாக்களுக்குக் குறைவில்லை.

ஸ்கூல் யூனிஃபார்மை ரெண்டு சைஸ் பெரிதாகத் தைக்கிற கணக்கு இங்கே வந்துவிடுகிறது. யூனிஃபார்ம் பெரிதானால் மடித்துத் தைக்கலாம். மட்டை பெரிதானால் பையன் அதற்கேற்ப மடங்குவான். பிடி வயிற்றில் இடிக்கும். அதைத் தவிர்க்க முழங்கையை வெளியே தள்ளுவான். மேல் கைக்குத் தூக்க முடியாததால் கீழ் கையால் இழுத்து அடிப்பான். நேராக வர வேண்டிய மட்டை குறுக்கே வரும். பத்து வயதில் பழகியது பதினைந்திலும் போகாது. கோச் திருத்தப் போராடுவார், பையன் ஒரு கட்டத்தில் "எனக்கு பேட்டிங் வராது" என்று முடிவு கட்டிவிடுவான். வராமல் போனதற்குக் காரணம் மட்டை என்று யாருக்கும் தோன்றாது.

சைஸ் 1-இல் தொடங்கி 6 வரை, பிறகு ஹாரோ, அதன் பிறகு பெரியவர்களின் ஷார்ட் ஹேண்டில். நாலரை அடி உயரத்துக்கு சைஸ் 3 அல்லது 4, ஐந்தடி தாண்டினால் 6, ஐந்தரை அடி நெருங்கும்போது ஹாரோ என்பது தோராயக் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி முன்னே பின்னே இருக்கும், அதனால் பையனைக் கூடவே அழைத்துப் போங்கள். ஷூ போட்டு ஸ்டான்ஸில் நிற்கட்டும். மட்டையின் நுனியைப் பின்காலின் விரல் பக்கம் ஊன்றினால், பிடியின் உச்சி தொடையின் மேல்பகுதியில் சாய வேண்டும். வயிற்றைத் தொட்டால் ஒரு சைஸ் இறங்குங்கள். அடுத்த வருடம் இன்னொன்று வாங்க வேண்டியிருக்குமே என்றால், ஆமாம், வேண்டியிருக்கும். காஷ்மீர் வில்லோவில் வாங்கினால் இரண்டு வருடத்துக்கு இரண்டு மட்டை வாங்கினாலும் ஒரு இங்கிலீஷ் வில்லோவின் விலை ஆகாது. பழசு தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும்.

தரையையும் பார்க்கணும்

பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாத வயல் தரையில், ஸ்வீட் ஸ்பாட் கீழே இருக்கும் மட்டை கைகொடுக்கும். சிமென்ட் தளத்தில் தென்னை நார் மேட் விரித்த ஆடுகளம் என்றால் பந்து நன்றாக எழும்பும். அங்கே சதை நடுவிலோ கொஞ்சம் மேலேயோ இருக்கணும். சிமென்டில் தட்டித் தட்டி நுனி தேய்வதால் ரப்பர் டோ கார்டு ஒட்டிக்கொள்வது நல்லது. ஈரத் தரையில் மட்டையை ஊன்றி நிற்காதீர்கள், நுனி தண்ணீரைக் குடித்து ஊதிவிடும்.

புது இங்கிலீஷ் வில்லோவை நேராக மேட்சுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆளி விதை எண்ணெய் இரண்டு மூன்று தடவை மெல்லிசாகத் தடவி, ஒவ்வொரு தடவையும் ஒரு ராத்திரி படுக்க வைத்து, பிறகு மரச்சுத்தியால் நான்கு முதல் ஆறு மணி நேரம் மெதுவாகத் தட்ட வேண்டும். அடுத்து பழைய லெதர் பந்தில் லேசான தட்டல். பிடி வி வடிவில் செருகியிருக்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைத்தால், இவ்வளவு செய்ததும் வீண். மரம் காய்ந்து வெடித்துவிடும்.

நண்பர் இந்த நாக்கிங்கையும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மட்டையை இப்போது பசை வைத்து, நூல் சுற்றி, நெட்டில் லெதர் பந்துக்கு மட்டும் எடுக்கிறார். ஞாயிறு கார்க் மேட்சுக்கு 1,800 ரூபாயில் ஒரு காஷ்மீர் வில்லோ, கடைக்கு நேரில் போய், ஒற்றைக் கையில் நீட்டிப் பத்து எண்ணி வாங்கியது. இதற்கு மட்டும் வீட்டில் உண்மையான விலையைச் சொல்லிவிட்டாராம்.