வால்வு தேயாது, மாத்திரை மட்டும் ஏன் நிற்பதில்லை?

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது; ஒவ்வொரு முறையும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. 1960-இல் அமெரிக்காவின் ஓரிகானில் ஆல்பர்ட் ஸ்டார் பொருத்திய செயற்கை வால்வு, கூண்டுக்குள் ஏறி இறங்கும் பந்துதான். அந்த வகை இயந்திர வால்வுடன் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் உண்டு.

மாறாக, விலங்குத் திசுவால் ஆன வால்வு பெரும்பாலும் 10–15 ஆண்டுகளில் பழுதாகிவிடும். இளம் வயதினருக்கு இன்னும் சீக்கிரம். ருமாட்டிக் காய்ச்சல் சிறு வயதிலேயே வால்வைக் கெடுக்கும் நம் நாட்டில் இது பெரிய விஷயம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய, சாயும் தட்டு கொண்ட இயந்திர வால்வான சித்ரா 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

தேயாத வால்வுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை ஏன்?

ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். தொட்டதும் ரத்தம் உறையத் தொடங்கும்; ஓட்டம் தேங்கும் இடுக்குகளில் ரத்தக்கட்டி வளரும். கட்டி வால்வைச் சிக்கவைக்கலாம், மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான மாத்திரைதான் வார்ஃபரின்; உறைதலுக்கு உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து உறைதலை மட்டுப்படுத்துகிறது. அளவு குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. அதனால்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை; பலருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில், இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு என்றால் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். வைட்டமின் கே உள்ள கீரையை ஒதுக்கத் தேவையில்லை, வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

வார்ஃபரினுக்கு மாற்றாகச் சோதித்த டாபிகாட்ரான் மாத்திரை கைகொடுக்கவில்லை. 2013-இல் வெளியான ஆய்வில் கட்டியும் கசிவும் இரண்டுமே அதிகமாயின. வார்ஃபரின் கருவையும் பாதிக்கக்கூடும் என்பதால், இளம்பெண்கள் எந்த வால்வு என்பதைப் பற்றி அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசியாக வேண்டும்.