பெட்டியில் எழுதாத எடை

தூண்டில் போட இலேசான பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கப் போகிறவர் பெட்டியின் மேல் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: 210 கிராம், 185 கிராம், 150 கிராம். எண் இறங்க இறங்கப் பெரும்பாலும் விலை ஏறும். அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. காலை முதல் மாலைவரை படகில் நின்று வீசிக்கொண்டே இருப்பவரின் மணிக்கட்டு அதை நன்றாக உணரும். ஆனால் லூர் என்ற செயற்கை இரை எவ்வளவு தூரம் போகும், தூண்டில் நரம்பு சிக்கு விழுமா விழாதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது வேறோர் எடை. ரீலுக்குள் சுழலும் ஸ்பூலும் அதன்மேல் நீங்களே சுற்றுகிற நரம்பும் சேர்ந்த எடை அது. பெரும்பாலான பெட்டிகளில் அது இருக்காது. ரீல் வாங்குவதற்கு முன்பே அதைப் புரிந்துகொள்வது நல்லது.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்கும். நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூல் தூண்டில் ராடுக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். லூர் பறந்து இழுக்க இழுக்க அதுவும் சுழன்று நரம்பைக் கொடுக்கும். கட்டை விரல் எப்போதும் ஸ்பூலின் மேலேயே இருப்பதால் லூரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தடித்த நரம்பையும் இந்த ரீல் தயங்காமல் தாங்கும்.

பாஸ் மீனுக்கு இந்த இரண்டும் தேவை. லார்ஜ்மவுத் பாஸ் திறந்த நீரில் துரத்திப் பிடிப்பதைவிட, மறைவிலிருந்து பாய்ந்து பிடிப்பதையே விரும்பும். மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல், பாசிக் கூட்டம் ஆகியவையே அதன் இருப்பிடம். ஃப்ளோரிடாவின் ஒகீசோபி, டெக்சஸின் சாம் ரேபர்ன், அலபாமாவின் கன்டர்ஸ்வில் போன்ற ஏரிகளில் லூர் மறைவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தால் மீன் அதைக் கண்டுகொள்ளாமலே இருந்துவிடலாம். கடித்துவிட்டாலும், பாசிக்குள் தலையை நுழைப்பதற்குள் அதை வெளியே இழுத்தாக வேண்டும். இந்த ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஹைட்ரில்லா பாசி அமெரிக்காவுடையது அல்ல. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிகளுக்கான செடியாக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து பரவியது. நம் பக்கத்துச் செடி ஒன்று அந்த நாட்டின் தூண்டில் முறையையே மாற்றியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த ரீலின் வரலாற்றில் கடிகாரக்காரர்களுக்குப் பெரிய இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் பலமுறை சுற்றும்படி பற்சக்கரம் பொருத்திய ரீல்களைச் செய்தார். ஸ்வீடனின் ஆபு நிறுவனமும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகவே தொடங்கியது. 1950களில் அது கொண்டுவந்த ஆம்பாசடர் ரீல் அமெரிக்க பாஸ் பிடிப்பவர்களின் கையில் நிலைத்துவிட்டது. உறுதியான ரீல், ஆனால் கனமானது. அந்த வட்ட வடிவ வரிசையில் இன்று விற்கும் 5500 ரீல்கூட ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். 1967இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பாஸ் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் பிடிப்பவர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். பொழுதுபோக்காக இருந்தது நாள் முழுக்க வேகமாக வீசும் போட்டியாக மாறியதும், கைக்கு அடக்கமான இலேசான ரீலை எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். அலபாமாவைச் சேர்ந்த லூ சில்ட்ரே 1970களில் ஜப்பானின் ஷிமானோவோடு சேர்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் தாழ்ந்த வடிவ ரீலைக் கொண்டுவந்தார். 2006இல் வந்த டைவா நிறுவனத்தின் ஸ்டீஸ் ரீல், மெக்னீசியம் உடலோடு 155 கிராமுக்கு இறங்கியது.

இப்போது அந்த எழுதாத எடைக்கு வருவோம். பலரும் பயன்படுத்துகிற 0.33 மி.மீ. ஃபுளோரோகார்பன் நரம்பு 100 மீட்டர் எடுத்தால் ஏறத்தாழ 15 கிராம் வரும். காலி ஸ்பூலுக்கு 10 கிராம் என்று குறைத்தே வைத்தாலும் மொத்தம் 25 கிராம். நீங்கள் வீசும் லூர் 10 கிராம். லூர் எந்த வேகத்தில் பறக்கிறதோ அதே வேகத்தில் நரம்பின் மேலடுக்கும் ஓடியாக வேண்டும். அதாவது, 10 கிராம் லூர் தன் வேகத்தைச் செலவழித்து, தன்னைவிடக் கனமான ஒன்றைச் சுழற்றிவிட வேண்டும். தூரம் குறைவதற்கு இது ஒரு காரணம். இதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. காற்று லூரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. ரீலுக்குள் இருக்கும் ஸ்பூலுக்கு அந்தத் தடை இல்லை. அது தன் போக்கில் சுழன்று, லூர் கேட்பதைவிட அதிகமாக நரம்பை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த நரம்புக்குப் போக இடமில்லை. ஸ்பூலின் மேலேயே பொங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிக்கு விழுகிறது.

ஆகவே ரீலின் மொத்த எடையில் 30 கிராம் குறைப்பதைவிட, சுழலும் பகுதியில் 5 கிராம் குறைப்பது வீச்சுக்கு அதிகம் உதவும். இதற்குப் பெரிய செலவும் ஆகாது. பாஸ் பிடிக்கும் வீச்சு பெரும்பாலும் 25, 30 மீட்டருக்குள் முடிந்துவிடும். 100 மீட்டருக்குப் பதில் 60 மீட்டர் சுற்றினால் ஃபுளோரோகார்பனின் எடை 9 கிராமாகக் குறையும். அதே தடிமனில் சாதாரண நைலான் நரம்பு 100 மீட்டரே 10 கிராம்தான். ஃபுளோரோகார்பன் அதைவிட அடர்த்தியானது. குழி ஆழமில்லாத ஸ்பூல்கள் தனியாகக் கிடைக்கின்றன. குறைந்த நரம்பிலேயே அவை விளிம்புவரை நிரம்பிவிடும். ஜப்பானியர்கள் இதைக் கடைசிவரை கொண்டுபோய், 3 முதல் 7 கிராம் லூர்களையும் வீசக்கூடிய பெய்ட் ஃபினெஸ் என்ற ரீல் வகையையே உருவாக்கிவிட்டார்கள். சாதாரண பெய்ட்காஸ்டிங் ரீலில் 7 கிராமுக்குக் கீழே வீசுவது போராட்டம்தான். அதற்கு ஃபினெஸ் ரீல் வேண்டும், இல்லையென்றால் பேசாமல் ஸ்பின்னிங் ரீலை எடுங்கள்.

மீதி வேகத்தைப் பார்த்துக்கொள்ள பிரேக் இருக்கிறது. ஒரு வகையில், ஸ்பூலோடு சுழலும் சிறு கட்டைகள் வெளிப்பக்கம் விலகி ஒரு வளையத்தில் உரசும். சுழற்சி வேகம் இரட்டித்தால் உரசும் விசை நான்கு மடங்காகும். அதனால் வீச்சின் தொடக்கத்தில் இறுக்கிப் பிடித்து, பின்னர் விட்டுவிடும்; தூரம் நன்றாகக் கிடைக்கும். இன்னொரு வகையில் காந்தம் வேலை செய்கிறது. அலுமினிய ஸ்பூல் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தப்புலத்தில் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, சுழற்சியையே எதிர்க்கும். எதுவும் எதையும் தொடுவதில்லை. வெளியே உள்ள திருகை விரலால் திருப்பினாலே அளவு மாறும். எதிர்க்காற்றில் வீசுகிறவருக்கும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கும் இதுவே வசதி. ஷிமானோவின் டிசி ரீல்களில் ஸ்பூலின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, ஒரு சிறு சில்லு பிரேக்கைக் கட்டுப்படுத்துகிறது, பேட்டரி கிடையாது. நல்ல கருவிதான். ஆனாலும் முதல் ரீலாக அதை வாங்க நான் சொல்லமாட்டேன். கட்டை விரல் கற்றுக்கொள்ள வேண்டியதைச் சில்லு செய்துவிடும்.

முதல் ரீலுக்கு 180 முதல் 210 கிராம்வரை, அலுமினிய உடல் என்பது என் தேர்வு. மெக்னீசியம் அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடைதான். ஆனால் மேல்பூச்சு கீறிவிட்டால் உப்புநீர் அதை அரித்துவிடும். நன்னீர் ஏரியோடு கழிமுகத்திலும் கொடுவாய்க்கு வீச நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கார்பன் கலந்த பிளாஸ்டிக் உடல் அரிக்காது. மலிவான ரகத்தில் பெரிய மீன் இழுக்கும்போது உடல் லேசாக நெளிந்து, பற்சக்கரங்கள் சரியாகக் கடிக்காமல் போகலாம். எதை எடுத்தாலும் உங்கள் ராடில் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ராடின் முனை கனமாக இருந்தால் மிக இலேசான ரீல் அதை இன்னும் முன்னால் சாய்க்கும். பெட்டியில் 40 கிராம் குறைந்திருக்கும், கையோ முன்பைவிடச் சீக்கிரம் வலிக்கும். பேரிங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வீச்சுக்கு உதவுவன ஸ்பூலைத் தாங்கும் பேரிங்குகளே. மற்றவை கைப்பிடியிலும் பற்சக்கரங்களிலும் இருப்பவை.

பற்சக்கர விகிதம் 7.1:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.1 சுற்று. 34 மி.மீ. ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது இது ஒரு சுற்றுக்கு 76 சென்டிமீட்டர் நரம்பை உள்ளே இழுக்கும், 6.3:1 என்றால் 67 சென்டிமீட்டர். ஆழத்துக்குப் பாயும் கிராங்க்பெய்ட் லூர்களுக்கு 5.4:1 போன்ற மெதுவான ரீல் நல்லது, கை களைக்காது. அடியில் தட்டித் தட்டி இழுக்கும் பிளாஸ்டிக் புழு, ஜிக் போன்றவற்றுக்கு வேகமான ரீல் வேண்டும். மீன் கடித்துக்கொண்டு உங்களை நோக்கியே நீந்தி வரும்போது தளர்ந்த நரம்பை உடனே சுருட்டியாக வேண்டுமே. ஒரே ரீல்தான் வாங்க முடியும் என்றால் 6.3 முதல் 7.1வரை உள்ளதை எடுங்கள். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கின் விசை பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பெட்டி 5 கிலோ என்று சொன்னால் பாஸ் மீனுக்குத் தாராளம். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அதை இறுக்கி வைத்தால் போதும்.

வீசுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. லூரைக் கட்டித் தொங்கவிட்டு, கைப்பிடிப் பக்கத்தில் உள்ள சிறு திருகைச் சரிசெய்யுங்கள். ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் லூர் மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்க்க வேண்டும். பிரேக்கை முதலில் முக்கால் பங்குக்கு மேல் வைத்து, கை பழகப் பழகக் குறையுங்கள். முதல் பாடத்துக்குத் தண்ணீர் தேவையில்லை. கொக்கி இல்லாத 14 கிராம் பயிற்சிக் கட்டையும் புல்தரையும் போதும். நீண்ட வீச்சு ஒன்றின் அளவுக்கு நரம்பை இழுத்துவிட்டு, மீதி நரம்பின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, மறுபடி சுற்றிக்கொள்ளுங்கள். சிக்கு விழுந்தாலும் டேப்பைத் தாண்டி உள்ளே போகாது.

லூர் ராடின் முனையிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி வீசுங்கள். கட்டை விரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டு பொத்தானையும் அழுத்தி, ராடைப் பின்னால் கொண்டுபோய், ராடு வளைந்து நிமிரும்போது விரலை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் லூர் உயரப் போகும், தாமதித்தால் எதிரிலேயே தண்ணீரில் அடிக்கும். வலுவாக வீச வேண்டும் என்று நினைக்காதீர்கள். புதியவர்களுக்கு விழும் சிக்குகளில் பெரும்பாலானவை வெடுக்கென்று இழுத்து வீசுவதால் வருபவை. ராடு நன்றாக வளைந்து, அதுவாக நிமிர்ந்து எறியட்டும். லூர் பறக்கும்போது விரல் நரம்பை மெல்லத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். லூர் நீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு ஸ்பூலை முழுதாக நிறுத்திவிட வேண்டும். எந்தப் பிரேக்கும் இந்தக் கடைசி வேலையை விரலின் அளவுக்குச் செய்வதில்லை. சத்தமில்லாமல் லூர் இறங்குவதும் இதனால்தான்.

சிக்கு விழுந்துவிட்டால் நரம்பைப் பிடித்து வேகமாக இழுக்காதீர்கள், முடிச்சு இறுகிவிடும். ரீலைப் பூட்டி, கட்டை விரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி, நரம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். மேலேறிக் கிடந்த வளையங்களில் பெரும்பாலானவை தானாக வழிவிடும். பிடிவாதமாக நிற்பவற்றை நகத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிவிடலாம். ஃபுளோரோகார்பன் அந்த இடத்தில் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். மீன் வரும் நாளில் அங்கேதான் அறுந்துபோகும்.

பராமரிப்பு எளிதுதான், ஆனால் அளவு தெரிய வேண்டும். ஸ்பூல் பேரிங்குகளுக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். கூடினால் சுழற்சி மந்தமாகும். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ். நரம்பை இடவலமாகப் பரப்பும் வழிகாட்டியின் திருகுத் தண்டில் மணல் சேரும். அதைப் பழைய பல்துலக்கியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். உரசும் பிரேக் வளையத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. பட்டால் கட்டைகள் வழுக்கி, அடுத்த வீச்சிலேயே சிக்கு விழும். உப்புநீரில் வீசியிருந்தால் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாளிக்குள் முக்க வேண்டாம். காய்ந்தபின் டிராக்கை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கமாகவே கிடந்தால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டு, பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு சீராக வராமல் திணறும்.