விரலுக்குத் தெரியும் ஆழம்

சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மீண்டும் தோட்டாவாக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு, அந்த உறையின் அடியில் உள்ள ஒரு சிறு துளையும் காரணம். 1866-இல் நியூயார்க்கின் ஹைரம் பெர்டானும் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸரும் பிரைமருக்கு, அதாவது ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிக்கு, ஆளுக்கொரு முறையில் காப்புரிமை பெற்றார்கள். பெர்டான் உறையில் நெருப்பு பாயும் துளைகள் வழக்கமாக இரண்டு, அவையும் ஓரத்தில். பாக்ஸர் உறையில் நட்டநடுவே ஒன்றுதான். அதன் வழியே ஊசியை விட்டு அழுத்தினால் பழைய பிரைமர் கழன்று விழும். வேடிக்கை பாருங்கள், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவுக்குப் போனது.

கழற்றுவது சுலபம். புதிய பிரைமரைப் பொருத்த, தோட்டா செய்யும் நெம்புகோல் இயந்திரமான பிரஸ், மேசைக் கருவி, கைக்கருவி என மூன்று வழிகள் உண்டு. ஒரு தடவைக்கு ஐம்பது, நூறு ரைஃபிள் தோட்டா செய்பவருக்குக் கைக்கருவியே சரி என்பது என் கட்சி. பிரைமர் உறையின் அடிப்பரப்பைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். மேலே துருத்தி நின்றால், துப்பாக்கி ஊசியின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, தோட்டா வெடிக்காமல் போகலாம். எம்1 கேரண்ட் போல ஊசி தளர்வாக ஓடும் துப்பாக்கிகளில் ஆபத்து நேர்மாறானது: விசையைத் தொடும் முன்பே வெடித்துவிடக்கூடும். பிரஸ்ஸின் நீண்ட கைப்பிடி பித்தளையையே நெரித்து உருமாற்றும் பலம் கொண்டது; பிரைமர் அடியைத் தொடும் அந்த மெல்லிய தடை அதில் கைக்கு எட்டாது. கைக்கருவியில் எட்டும். பிரைமர் வழுக்கிக்கொண்டு போனால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. பிரைமர் குழியின் வாயிலேயே முரண்டினால், ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றிப் போடும் நெரிப்பு இன்னும் நீக்கப்படவில்லை.

வேகம் இல்லையே என்பார்கள். வாரம் நூற்றுக்கணக்கில் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டியாளருக்கு அது நியாயமான குறை. அவர் பிரஸ்ஸோடு இருக்கட்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. கைக்கருவியின் தட்டில் பிரைமர்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள லெட் ஸ்டிஃப்னேட் வெடிகலவை ஒன்றில் வெடித்தால் மற்றவையும் உள்ளங்கைக்குள்ளேயே வெடிக்கலாம். லீ நிறுவனம் தன் பழைய ஆட்டோ பிரைம் கருவிக்குக் குறிப்பிட்ட தயாரிப்புகளின் பிரைமர்களை மட்டுமே அனுமதித்தது, ஆகவே இது வீண் பயமல்ல. ஆனால் பிரஸ்ஸின் குழாயிலும் பிரைமர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் அடுக்கி நிற்கின்றன, அதுவும் முகத்தருகே. பொருத்தப்படும் பிரைமருக்கும் தட்டுக்கும் இடையே தடுப்பு வைத்த கைக்கருவிகள் கிடைக்கின்றன. வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு மேசைக் கருவி. எதை எடுத்தாலும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமர் பெட்டியைத் திறக்காதீர்கள்.

(தொடரும்)