விண்மீன்களின் தொலைவை அளந்த கண்ணாடித் தகடுகள்

பிறை பார்ப்பதற்காக மேற்கு வானை நோக்கி நிற்கும் மாலைகளில், பிறைக்கு அருகே ஒரு விண்மீனும் மின்னக் காண்கிறோம். இரண்டும் ஒரே கூரையில் பதித்த விளக்குகளைப் போலத் தோன்றுகின்றன. ஆயினும் சந்திரன் நம்மிடமிருந்து சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் உள்ளது, அதன் ஒளி ஒன்றேகால் விநாடியில் நம்மை வந்தடைந்து விடுகிறது. அருகில் மின்னும் விண்மீனின் ஒளியோ, பல ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு இன்றுதான் நம் கண்ணை எட்டியிருக்கும்.

ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் 9.46 லட்சம் கோடி கி.மீ. இதனையே ஓர் ஒளியாண்டு என்கிறோம். “வேகா விண்மீன் 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது” என்று நூல்களில் எளிதாகப் படித்து விடுகிறோம். அங்கே எவரும் சென்று வந்ததில்லை. நூல் பிடித்து அளந்ததுமில்லை. பின் எங்ஙனம் இத்தொலைவை அறிந்தார்கள்?

கட்டை விரல் சொல்லும் பாடம்

வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டலாம். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திக் கொள்ளுங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். பின்பு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். விரல் அசையாமலேயே, எதிர்ச்சுவரின் முன் இடம் மாறித் தோன்றும். விரலை முகத்திற்கு அருகே கொண்டு வந்தால் இந்த மாற்றம் பெரிதாகும். தள்ளி வைத்தால் சிறிதாகும். இதற்கு ‘இடமாறு தோற்றம்’ என்று பெயர்.

இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரமும், விரல் இடம் மாறித் தோன்றும் கோணமும் தெரிந்தால், விரலின் தொலைவைக் கணக்கிட்டு விடலாம். ஆற்றைக் கடக்காமலேயே அதன் அகலத்தை நில அளவையாளர் கணிப்பது இம்முறையில்தான். இக்கரையில் இரு முனைகளில் நின்று அக்கரையிலுள்ள ஒரு மரத்தை நோக்கிக் கோணங்களை அளந்தால் போதும்.

விண்மீன்களை அளக்க வேண்டுமாயின், இரு கண்களுக்கும் இடையே பெருந்தூரம் வேண்டும். அதனை நமக்குத் தருவது பூமியின் ஓட்டம். பூமி சூரியனை ஆண்டுக்கொரு முறை சுற்றி வருகிறது. இன்று நாம் இருக்கும் இடத்திற்கும், ஆறு மாதங்கள் கழித்து இருக்கப் போகும் இடத்திற்கும் இடையே சுமார் 30 கோடி கி.மீ. இடைவெளி உண்டு. இன்று ஒரு முறையும், ஆறு மாதங்கள் கழித்து மறுமுறையும் ஒரே விண்மீனைப் பார்ப்பது, வலக்கண்ணாலும் இடக்கண்ணாலும் மாறிமாறிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

காண முடியாத அசைவு

இந்தக் கருத்து பழமையானது. அசைவு மட்டும் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. 1543இல் கோப்பர்நிக்கஸ், பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று நூல் எழுதியபோது எழுந்த வலுவான மறுப்பு இதுதான்: பூமி நகர்வது உண்மையாயின், விண்மீன்கள் ஆண்டுதோறும் இடம் மாறித் தோன்ற வேண்டுமே!

டென்மார்க்கைச் சேர்ந்த டைக்கோ பிராஹி, தொலைநோக்கி தோன்றுமுன் வாழ்ந்த வானவியலாரில் மிகக் கூர்மையாக அளந்தவர். அவர் தேடியும் அசைவு கிட்டவில்லை. அசைவு இல்லையென்றால் விண்மீன்கள் சனிக்கோளைப்போல் பல நூறு மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்க முடியாது என்று எண்ணிய அவர், பூமி அசையவில்லை என்றே முடிவு செய்தார். அவருடைய வாதத்தில் பிழையில்லை. அண்டத்தின் பரப்பைப் பற்றிய அவருடைய எண்ணமே சிறிதாகிப் போயிற்று.

டைக்கோவின் கருவிகள் பிரித்தறியக் கூடிய எல்லை ஏறத்தாழ ஒரு கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. ஒரு கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கி.மீ. தொலைவில் வைத்தால், அது நம் கண்ணில் அமைக்கும் கோணமே ஒரு விகலை. நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் இடமாறு தோற்றம்கூட அந்த ஒரு விகலைக்குக் குறைவானது!

வென்ற மூவர்

கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்த அசைவு பிடிபட்டது. 1838இல் ஜெர்மானிய வானவியலார் பெசல், கோனிக்ஸ்பெர்க் நகரிலிருந்து, அன்ன மண்டலத்திலுள்ள 61ஆம் எண் விண்மீனை அளந்து, அதன் இடமாறு தோற்றம் 0.31 விகலை என அறிவித்தார். இன்றைய மதிப்பு 0.286 விகலை, தொலைவு 11.4 ஒளியாண்டு. ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையில் 1832, 1833ஆம் ஆண்டுகளில் எடுத்த அளவுகளைக் கொண்டு, ஹெண்டர்சன் ஆல்பா சென்டாரியின் தொலைவைக் கணித்து 1839இல் வெளியிட்டார்.

மூன்றாமவர் ஸ்ட்ரூவ. டோர்பட் நகரில் அவர் அளந்தது வேகா விண்மீனை. ‘அந்நஸ்ருல் வாகிஃ’, அதாவது இறங்கும் கழுகு என்று அரபியர் வழங்கிய பெயரின் இறுதிச் சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘வேகா’ எனத் திரிந்தது. ஸ்ட்ரூவ 1837இல் வெளியிட்ட மதிப்பு 0.125 விகலை. இன்றைய மதிப்பாகிய 0.13க்கு இது வியக்கத்தக்க அளவு நெருங்கியது. மேலும் பல அளவுகளைச் சேர்த்து 1840இல் அவர் வெளியிட்ட மதிப்போ, ஏறத்தாழ இரு மடங்காகி விட்டது! தேர்ந்த கண்ணும் சிறந்த கருவியும் இருந்தும் இத்துணைத் தடுமாற்றம். ஆகவேதான் 1900ஆம் ஆண்டு வரையிலும் நம்பத்தகுந்த முறையில் தொலைவு அறியப்பட்ட விண்மீன்கள் நூற்றைக்கூட எட்டவில்லை.

கண்ணின் வேலையைத் தகடு ஏற்றது

இந்நிலையை மாற்றியது புகைப்படம். ஆக்ஸ்போர்டில் பிரிட்சர்ட் 1886ஆம் ஆண்டளவில் இம்முயற்சியைத் தொடங்கினார். இதனை ஒழுங்கான முறையாக ஆக்கியவர் அமெரிக்க வானவியலார் ஃபிராங்க் ஷ்லெசிங்கர். 1903 முதல் 1905 வரை, விஸ்கான்சினிலுள்ள யெர்க்ஸ் ஆய்வகத்தில், 102 செ.மீ. வில்லை பொருந்திய தொலைநோக்கியைக் கொண்டு அவர் படங்கள் எடுத்தார். பின்னர் பிட்ஸ்பர்க் நகரின் அலகேனி ஆய்வகத்திலும், யேல் பல்கலைக்கழகத்திலும் இப்பணியை விரிவாக்கினார்.

அவர் கையாண்ட முறை இதுதான். தொலைவு அறிய வேண்டிய விண்மீனை, அதனைச் சுற்றித் தெரியும் மங்கலான சில விண்மீன்களுடன் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். மங்கலானவை பெரும்பாலும் வெகு தொலைவில் இருப்பவை. கட்டை விரலுக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் போல அவை பயன்படும். படம் விழுவது சுருளில் அன்று, கண்ணாடித் தகட்டில். சுருள் சுருங்கும், நெளியும். கண்ணாடி பல ஆண்டுகள் கழித்தும் வடிவம் மாறாது.

ஒரு விண்மீனின் அசைவு மிகுதியாகத் தெரியும் காலத்தில், அது உச்சத்தைக் கடப்பது மாலை இருட்டும் வேளையிலோ வைகறையிலோதான். ஆகவே மஃரிபை அடுத்த நேரமும் சுப்ஹுக்கு முந்திய நேரமுமே இவ்வானவியலாருக்கு முக்கிய வேலை நேரம். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் ஏற்படும் பிழையைக் குறைக்க, விண்மீன் உச்சத்தை நெருங்கும்போது மட்டுமே படம் எடுத்தனர். பிரகாசமான விண்மீனின் உருவம் தகட்டில் பரவி, மங்கலான அண்டை விண்மீன்களோடு ஒப்பிட இயலாமற் போகும். இதைத் தவிர்க்க, வெட்டிய துளையுடைய ஒரு வட்டத்தட்டு தகட்டின் முன் சுழன்று, அந்த ஒரு விண்மீனின் ஒளியை மட்டும் மட்டுப்படுத்தியது.

ஆண்டுகள் சிலவாகச் சேர்த்த தகடுகள், பின்னர் நுண்ணோக்கியும் திருகும் பொருந்திய அளவைக் கருவியின் கீழ் வைக்கப்பட்டன. யெர்க்ஸ் தொலைநோக்கியின் தகட்டில் ஒரு விகலை என்பது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடத்தைக்கூட முழுமையாக நிரப்பாது. அவர்கள் எட்ட விரும்பியதோ விகலையில் நூறில் ஒரு பங்கு. அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது!

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்மீன்கள் தாமும் வானில் ஓடிக் கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டம் நேர்கோடு. பூமி சூரியனைச் சுற்றுவதால் தோன்றும் அசைவு ஆண்டுக்கொரு முறை திரும்பி வருவது. இரண்டும் கலந்து நெளிகோடாகத் தகடுகளில் பதிகின்றன. பல ஆண்டுத் தகடுகளை ஒப்பிட்டால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க முடியும். அவசரக்காரருக்கு இவ்வித்தை கைகூடாது.

பெண்மணியின் பட்டியல்

தென்வானிலும் பணி நடந்தது. 1915இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், இன்னஸ் என்பவர் இரு காலங்களில் எடுத்த தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டபோது, ஆல்பா சென்டாரிக்கு அருகே ஒரு மங்கலான விண்மீன் நகர்ந்திருக்கக் கண்டார். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் அதுவே என்பது பின்னர் உறுதியாயிற்று. ‘பிராக்சிமா’ என்னும் அதன் தொலைவு 4.25 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாத அதனைக் காட்டிக் கொடுத்தவை கண்ணாடித் தகடுகளே.

உலகின் பல ஆய்வகங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, பிழை நீக்கி, ஒரே பட்டியலாகத் தொகுக்கும் பெரும்பணியை யேல் ஆய்வகத்தில் லூயிஸ் ஜென்கின்ஸ் என்னும் பெண்மணி நிறைவேற்றினார். 1952இல் வெளியான அப்பட்டியலில் சுமார் 5,800 விண்மீன்கள் இடம் பெற்றன. பல்லாண்டு காலம் உலக வானவியலாரின் கைந்நூலாக அது விளங்கியது. 1995இல் வெளியான அதன் வழிநூலில் 8,112 விண்மீன்கள் இருந்தன.

இதன் பயன் யாது? தொலைவு தெரியாதவரை, ஒரு விண்மீன் அருகிலிருக்கும் சிறு விளக்கா, தொலைவிலிருக்கும் பெரு விளக்கா என்று சொல்ல இயலாது. தொலைவு தெரிந்தால் அதன் உண்மை ஒளி தெரியும். ஒளி தெரிந்தால் அதன் பருமனும் வயதும் ஆராயத்தக்கவை ஆகும். பிற அண்டங்களின் தொலைவைக் கணிக்கும் முறைகளும், படிப்படியாக இந்த முதல் அளவுகோலின் மீதே ஏறி நிற்கின்றன.

அசைந்தது எது?

இத்துறையில் எச்சரிக்கையாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீனை, அமெரிக்காவின் ஸ்ப்ரவுல் ஆய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் இடைவிடாது படம் எடுத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளை ஆராய்ந்து, விண்மீன் சிறிது தள்ளாடுகிறது, அதனை ஒரு பெருங்கோள் சுற்றுகிறது என்று 1963இல் அறிவித்தார். உலகம் வியந்தது.

1973இல், வேறு ஆய்வகங்களின் தகடுகளைச் சோதித்த கேட்வுட், ஐக்கார்ன் ஆகியோர் அத்தகைய தள்ளாட்டம் எதையும் காணவில்லை. அதே ஆண்டில் ஸ்ப்ரவுல் தகடுகளை ஆராய்ந்த ஹெர்ஷே, வேறு விண்மீன்களும் அதே காலங்களில் ‘தள்ளாடி’யிருப்பதைக் கண்டார். தொலைநோக்கியின் வில்லை சரி செய்யப்பட்ட காலங்கள் அவை. அசைந்தது விண்மீன் அன்று, கருவியே! வான் டி காம்ப் 1995இல் மறையும் வரை தம் கருத்தைக் கைவிடவில்லை. பர்னார்டு விண்மீனைச் சுற்றும் சிறு கோள்கள் 2024, 2025ஆம் ஆண்டுகளில் வேறு முறையால் கண்டறியப்பட்டன. அவர் கூறிய பெருங்கோள்களோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

உழைப்பில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் ஒரே கருவியின் சான்று எத்தனை நீண்டதாயினும், வேறொரு சாட்சி அதனை உறுதி செய்ய வேண்டும் என்பதை அத்தகடுகள் கற்பித்தன.

தகட்டிலிருந்து விண்கலத்திற்கு

தகடுகளுக்கு ஓர் எல்லை இருந்தது. பிழை விகலையில் நூறில் ஒரு பங்கு எனில், 33 ஒளியாண்டில் உள்ள விண்மீனின் தொலைவு பத்தில் ஒரு பங்கு தவறலாம். 330 ஒளியாண்டுக்கு அப்பால் அளவும் பிழையும் சமமாகி விடும். நடுங்கும் காற்றைக் கடந்து மேலே செல்வதே வழியாயிற்று. 1989இல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்க்கஸ் விண்கலம் 1,18,000க்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்தது. 2013இல் ஏவப்பட்டு 2025 ஜனவரியில் அளவைப் பணியை முடித்த கையா விண்கலத்தின் தரவுகளில், 2020இல் வெளியான பகுதியில் மட்டும் ஏறத்தாழ 146 கோடி விண்மீன்களின் இடமாறு தோற்றங்கள் உள்ளன. அதே 2020இல், பூமியிலிருந்து சுமார் 700 கோடி கி.மீ. அப்பால் சென்று விட்ட நியூ ஹொரைசன்ஸ் கலம் எடுத்த பிராக்சிமாவின் படத்தைப் பூமியிலிருந்து எடுத்த படத்துடன் வைத்துப் பார்த்தபோது, விண்மீன் இடம் மாறியிருப்பது எவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது. டைக்கோ தேடிக் காணாத அசைவு அது.

எனினும் அலகேனி ஆய்வகத்தின் லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் குப்பையாகி விடவில்லை. நூறாண்டுகளுக்கு முன் ஒரு விண்மீன் எங்கே இருந்தது என்று சாட்சி சொல்ல எந்த விண்கலத்தாலும் இயலாது. அந்தத் தகடுகளால் இயலும். மேலே விரிந்து கிடக்கும் பேரளவை மனிதன் அறிந்து கொண்டது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடப் பொருட்படுத்தியதால்தான். சிறியதைப் பொறுமையோடும் நேர்மையோடும் அளந்தவர்க்கே பெரியது தன் அளவைக் காட்டியது.