ஆசிரியர் வலைப்பூ: பழைய பாடக்குறிப்புகளை என்ன செய்வது?

"பாடம் நடத்த ஒரு வலைப்பூ ஆரம்பிக்கணும், கஷ்டமா?" என்று ஆசிரியர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஆரம்பிப்பதில் கஷ்டமே இல்லை. கூகுள் கணக்கு இருந்தால் போதும். பிளாக்கர் தளத்திற்குச் சென்று ஒரு தலைப்பும் முகவரியும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வலைப்பூ தயார். 1999-ல் தொடங்கிய பிளாக்கரை 2003-ல் கூகுள் வாங்கியது. இன்றும் இலவசம்தான். சிக்கல் ஆறாவது நிமிடத்தில் ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த வேதியியல் ஆசிரியை ஒருவர், பல வருடப் பாடக்குறிப்புகளை வேர்டு ஃபைல்களாக வைத்திருந்தார். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஒரு பாடத்தைக் காப்பி செய்து வலைப்பூவில் பேஸ்ட் செய்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள்! "என்னப்பா, வைரஸ் ஏதும் புகுந்துடுச்சா?" என்று போன் செய்தார்.

வைரஸ் இல்லை. பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். அவற்றைத் தமிழ் வடிவத்தில் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. வலைப்பூவில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீட்டு எண்கள் உண்டு. அதனால் எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

சிலர் பக்கத்தை அப்படியே படமாக மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூகுளில் 'ஒளிச்சேர்க்கை' என்று தேடும் மாணவனுக்கு அந்தப் பாடம் கிடைப்பது அரிது. திரைவாசிப்பான் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவிக்கோ அது வெறும் படம், அவ்வளவுதான்.

சரியான வழி, எழுத்துரு மாற்றி. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் இதற்காகவே வந்தவை. உங்கள் ஃபைல் எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை வேர்டில் பார்த்து, அதையே தேர்ந்தெடுங்கள். பாமினிக்கும் வானவில்லுக்கும் குறிகள் வேறு வேறு. மாற்றித் தேர்ந்தெடுத்தால் குப்பைதான் வரும்.

அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் இன்னொரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. தண்ணீருக்கான எச்-டூ-ஓ என்ற வாய்பாடு 'ர்2ழு' என்று ஆகிவிடும்! எனவே மாற்றுவதற்கு முன் வாய்பாடுகளை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். அட்டவணைகளும் தடித்த எழுத்துகளும் பெரும்பாலும் கலைந்துபோகும். அவற்றை வலைப்பூவிலேயே மறுபடி அமைக்க வேண்டியதுதான். பொறுமை வேண்டிய வேலை. ஒரு பாடத்திற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

இனி அடிக்கப்போகும் பாடங்களையாவது நேரடியாக யூனிகோடில் அடியுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லேங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் இதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாமினியில் பழகிய விரல்கள் சில வாரம் முரண்டு பிடிக்கும்.

பாடத்தைப் போட்டதும் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அப்பா, அம்மாவின் போனில். சின்னத் திரையில் அட்டவணை வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பிளாக்கர் செட்டிங்ஸில் 'கமெண்ட் மாடரேஷன்' என்பதை 'ஆல்வேஸ்' என்று மாற்றினால், நீங்கள் அனுமதிக்காமல் எந்தப் பின்னூட்டமும் வெளியாகாது. மாணவர்களின் முழுப்பெயர், படம், மதிப்பெண் எதையும் வலைப்பூவில் போட வேண்டாம்.

எல்லாப் பாடங்களையும் மாற்றி முடித்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த வாரம் வகுப்பில் நடத்தப்போகிற ஒரே ஒரு பாடத்தை முதலில் மாற்றிப் போடுங்கள். பழைய வேர்டு ஃபைல்களை மட்டும் அழித்துவிடாமல் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். மாற்றியதில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.